ஏழு பங்கு மாத்திரை

அத்தியாயம் ஒன்பது

அந்தச் சனிக்கிழமை காலை அம்சவல்லியின் காப்பி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. டம்ளருக்குப் பக்கத்தில் கணவன் தங்கவேல் வைத்த காகிதம் கிடந்தது. அதில் பதினோரு பெயர்கள் டைப் அடித்திருந்தன. அடியில் 'வார்டு நர்ஸ்' என்ற எழுத்துக்கு மேல் ஒரு வெற்றுக் கோடு.

அந்தக் கோட்டின் மேல் அவள் தன் பெயரை எழுத வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

எழுதினால் என்ன ஆகும் என்பதைப் போன வாரமே பார்த்தோம். மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷமாகக் காசநோய் ஆராய்ச்சி நடக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை மாத்திரையை மொத்தமாகக் கொடுத்து வீட்டிலேயே சாப்பிடச் சொன்னால் நோய் தீருமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. அறுபத்து நான்கு பேர் அதில் இருக்கிறார்கள். கீழ்நாட்டுக்காரர்கள் ஐம்பத்து மூன்று பேரில் அநேகம் பேர் தேறிவிட்டார்கள். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவந்த பதினோரு பேரில் நாலே பேர்தான் தேறினார்கள். அந்தப் பதினோரு பேரையும் 'மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள்' என்று எடுத்துவிட்டால், இன்று மெட்ராஸிலிருந்து வரும் குழுவின் முன்னால் ஆராய்ச்சி அழகாக நிற்கும். எடுத்துவிட்ட பெயருக்கு நாளை முதல் மாத்திரை கிடையாது. மாத்திரை இல்லாத காசநோய்க்காரருக்கு என்ன ஆகும் என்பது அம்சவல்லிக்குத் தெரியும்.

"போட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டே சட்டைப் பொத்தானை மாட்டியபடி வந்தான் தங்கவேல். அதே ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தர். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. இந்தக் குழு நல்லபடியாக எழுதிவிட்டுப் போனால் அவன் வேலை நிரந்தரம் என்று பெரிய டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"இல்லீங்க."

"இன்னாத்துக்கு யோசனை? அவங்க சாப்பிடலன்றது உண்மைதானே? உன்னைப் பொய்யிலயா கையெழுத்துப் போடச் சொல்றேன்?"

"சாப்பிடலன்றது உண்மை. ஏன் சாப்பிடலன்றது இதுல எங்க இருக்குது?"

"ஏன்னு போட இதுல கட்டம் இல்ல."

"அப்போ ஒரு கட்டம் போடுங்க."

அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த அம்மாக்கண்ணு சிரித்துவிட்டாள். தங்கவேலின் தங்கை. புருஷன் வீட்டில் வாழ முடியாமல் அண்ணனிடம் வந்து, ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது.

"அண்ணி கேட்டது கட்டந்தானே அண்ணே. கம்மலா கேட்டாங்க, இப்படி முழிக்கிறே?"

"நீ களியைப் பாரு. அடி புடிக்குது."

அவன் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அது அம்சவல்லிக்குப் புரிந்தது. நல்லவர்களைத் தப்பான காகிதத்தின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது பெரும்பாலும் பயம்தான்.

அவள் சுவரில் மாட்டியிருந்த அண்ணாமலையார் படத்தின் முன்னால் நின்று திருநீறு இட்டுக்கொண்டாள். வேலை வேண்டும் என்றோ, ஜெயிக்க வேண்டும் என்றோ கேட்கவில்லை. இன்று தன் வாயில் பொய் வரக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். பிறகு காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பழைய நோட்டு ஒன்றையும் கூட வைத்தாள்.

நோட்டில் இருந்தது இதுதான். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏன் இந்த மலை ஜனங்களுக்கு மட்டும் மாத்திரை பலிக்கவில்லை என்று பார்க்க அவள் மேலே போனாள். வேடியப்பன் என்ற நோயாளியின் வீட்டு வாசலில் அவன் தாய் உட்கார்ந்து, மாத்திரையை அம்மிமேல் வைத்து அரிவாள் முதுகால் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டியதைத் தலைக்கு ஒன்றாகப் பங்கு போட்டாள். வெளியிலிருந்து எது வீட்டுக்குள் வந்தாலும், தேனோ வேட்டைக் கறியோ சந்தைப் பலகாரமோ, இருக்கிற தலையை எண்ணிப் பங்கு போடாமல் வாயில் வைப்பது அங்கே பாவம். ஆஸ்பத்திரி கொடுத்ததும் வெளியிலிருந்து வந்ததுதானே?

அவர்கள் மருந்தைத் தூக்கி எறியவில்லை. ஒருவரையும் விட்டுவிடாமல் சாப்பிட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அம்சவல்லி ஒரு பை நிறையப் பொரியும் வெல்லமும் எடுத்துக்கொண்டு போனாள். "இது எல்லாருக்கும் பங்கு," என்று பொரியைத் தந்தாள். "இந்த மாத்திரை வேடியப்பனோட பங்குகூட இல்ல. அவன் நெஞ்சுக்குள்ள குந்தியிருக்குதே நோவு, அதோட பங்கு. அதை நாம துன்னக்கூடாது." அந்தத் தாய் யோசித்துவிட்டு, நியாயம்தான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் நடந்து திரும்பக்கூடிய வீடுகள் ஐந்துதான். ஐந்துக்கும் போனாள். ஒவ்வொரு வாரமும் போனாள். தேறிய நாலு பேரும் அந்த ஐந்து வீட்டுக்காரர்கள். தூரத்து ஆறு வீடுகளில் ஒருவருக்கும் சளி சுத்தமாகவில்லை.

*

பெரிய டாக்டர் தாண்டவராயன் கெட்டவர் அல்ல. இரண்டு அறையில் தொடங்கிய ஆஸ்பத்திரியை நாற்பது கட்டிலுக்குக் கொண்டுவந்தவர். குழு முகம் சுளித்தால் அந்த நாற்பதும் போய்விடும் என்று நாலைந்து நாளாகத் தூக்கம் கெட்டிருந்தார்.

"கையெழுத்து இல்லையே அம்சவல்லி."

"போடல சார்."

"நான் ஒருத்தன் போட்டாலே இந்த லிஸ்ட் செல்லும். ஆனா வார்டு நர்ஸ் ஏன் போடலன்னு அவங்க கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். கேக்கணும்னுதான் போடல."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வருஷத்தில் இந்தப் பெண் அவரிடம் இப்படிப் பேசியது இல்லை. அவள் நோட்டை எடுத்து மேஜைமேல் விரித்தாள். அவர் நின்றபடியே படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டுச் செஞ்சே இதை?"

"யாரையும் கேக்கல."

"ஆராய்ச்சி நடக்கறப்போ நடுவுல கையை விட்டிருக்கே. எந்த வீட்ல மருந்து வேலை செஞ்சது, எந்த வீட்ல உன் பொரி வேலை செஞ்சதுன்னு நான் எப்படிப் பிரிக்கிறது? எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா?"

"தெரியும் சார். அதனாலதான் எந்த வீட்ல எந்தத் தேதியில இருந்துன்னு எழுதியிருக்கேன். என் தப்பையும் சேத்துத்தான் எழுதியிருக்கேன். உங்க லிஸ்ட்ல நம்ம தப்பு எங்கயும் இல்ல."

வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. டாக்டர் நோட்டை மூடி அவளிடமே தள்ளினார்.

"இதை உள்ள வை. வேலை வேணும்னா இன்னைக்கு வாயைத் திறக்காதே."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டாள். ஆனால் உள்ளே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டாள்.

*

குழுவில் மூன்று பேர். தலைமை தாங்கியவர் நரைத்த கொண்டையும் கைத்தறிப் புடவையுமாக இருந்த வயதான பெண் டாக்டர். அவர் அதிகம் பேசவில்லை. தங்கவேல் அட்டவணையை வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "ஐம்பத்து மூணா? ஆரம்பத்துல அறுபத்து நாலுன்னு எழுதியிருக்கே," என்றார்.

"மலைக்காரங்க பதினோரு பேரை எடுத்துட்டோம் மேடம்," என்றார் தாண்டவராயன். "அவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது. மருந்தைச் சாப்பிடறதே இல்ல. வேணும்னா நீங்களே பாருங்க, ஒருத்தி வராந்தாவுல உக்காந்திருக்கா."

உட்கார்ந்திருந்தது செல்லியம்மாள். தூரத்து ஆறு வீடுகளில் ஒன்று அவளுடையது. மாதாந்திர மாத்திரைக்காக விடியுமுன் கிளம்பி, பஸ் வருகிற இடத்துக்கு மூன்று மணி நேரம் நடந்து வந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். கன்னம் ஒட்டி, தோள்பட்டை புடவைக்கு மேலே முட்டிக்கொண்டிருந்தது. அம்சவல்லிக்கென்று முந்தானையில் கொஞ்சம் சாமை முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் அவளை உள்ளே அழைத்து, ஒரு மாத்திரையையும் தண்ணீர் டம்ளரையும் நீட்டினார். "இந்தா. எங்க எதிர்லயே சாப்பிடு."

செல்லியம்மாள் மாத்திரையை வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. மேஜையைச் சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் தாண்டவராயன்.

"இத்த எடுத்துக்கறேன் சாமி," என்று சொல்லி அவள் மேஜையிலிருந்த கண்ணாடிக் குண்டைத் தூக்கினாள். காற்றில் பறக்காமல் காகிதத்தை அமுக்கி வைக்கிற குண்டு. அதன் அடியில் இருந்தது பதினோரு பெயர் எழுதிய அந்தக் காகிதம். அதன்மேலேயே மாத்திரையை வைத்து, பழகிய கையால் ஒரு தட்டுத் தட்டினாள். மாத்திரை உடைந்தது. விரல் நுனியால் துணுக்குகளைப் பிரித்தாள். பெரிய துணுக்கை எடுத்து முதலில் அந்த வயதான டாக்டரின் முன்னால் நீட்டினாள்.

"துன்னு சாமி."



அந்த அம்மாள் உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டார். "எனக்கு இருமல் இல்லையேம்மா."

"இருமினாத்தான் துன்னணுமா? நீங்கள்ளாம் பாத்துக்கினு இருக்க நான் மட்டும் துன்னா எனக்குத் தொண்டையில எறங்குமா?" செல்லியம்மாள் அடுத்த துணுக்கைத் தாண்டவராயனுக்கு நீட்டினாள். "வாங்கு சாமி. என் வூட்டுல ஏழு பேரு. இங்க நீங்க ஆறு பேருதான். நானும் சேந்தா ஏழு. செரியாத்தான் வருது."

"வீட்ல யார் யாருக்கும்மா குடுப்பே?" என்று கேட்டார் அந்த வயதான டாக்டர்.

அவள் விரலை மடக்கினாள். "நானு. எம் மாமியாரு. எம் மாமனாரு. எம் புருசன். சின்னப் பொண்ணு. பையன்." ஏழாவது விரலைப் பெயர் சொல்லாமலே மடக்கிக்கொண்டு முந்தானையை இழுத்து விட்டாள். அதை அம்சவல்லி கவனித்தாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

வயதான டாக்டர் தங்கவேலின் பக்கம் திரும்பினார். "இந்த லிஸ்டை நீங்கதானே தயார் பண்ணினது? காரணம்னு ஒரு கட்டம் ஏன் இல்ல?"

தங்கவேல் தாண்டவராயனைப் பார்த்தான். பிறகு சுவரோரம் நோட்டைப் பிடித்தபடி நின்ற மனைவியைப் பார்த்தான். ஆறு வருஷம் அவன் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும்.

"போடச் சொல்லி ஒருத்தங்க கேட்டாங்க மேடம்," என்றான். "நான்தான் போடல."

"யாரு கேட்டது?"

"நான் கேட்டேங்க," என்று அம்சவல்லி முன்னால் வந்தாள். நோட்டை மேஜைமேல், உடைந்த மாத்திரையின் பக்கத்தில் வைத்தாள். "இந்தப் பதினோரு பேரும் மருந்துல ஏமாத்தலீங்க. நாமதான் அவங்க வூட்டுல எப்படித் துன்னுவாங்கன்னு ஒரு வார்த்தை கேக்காம குடுத்து அனுப்பினோம். தப்பு எங்க இருக்குதோ அங்க எழுதுங்க. இவங்க பேர்ல எழுத நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்னைக்கும் மாட்டேன், நாளைக்கும் மாட்டேன்."

அந்த அம்மாள் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். மின்விசிறிக்குக் காகிதங்கள் படபடத்தன. ஒருவரும் கண்ணாடிக் குண்டை எடுத்து வைக்கவில்லை.

"நர்ஸ், அஞ்சு வீட்டை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது," என்றார் கடைசியில். "அனுமதி இல்லாம செஞ்சதை நான் பாராட்டவும் மாட்டேன். ஆனா இந்தப் பதினோரு பேரை அழிச்சுட்டா, நிரூபிக்கிற வழியே அடைஞ்சு போயிடும்." அவர் பேனாவைத் திறந்து லிஸ்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "பேர் இருக்கட்டும். இன்னும் ஆறு மாசம். மாத்திரையோட பொரியும் போகட்டும். பதினோரு வீட்டுக்கும்."

கையிலிருந்த துணுக்கை அவர் மேஜையில் வைக்கவில்லை. கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டார். செல்லியம்மாளுக்கு ஒரு முழு மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்து, "இது உன் நோவோட பங்காம். நர்சம்மா எழுதியிருக்காங்க," என்றார்.

"அப்ப செரி," என்று செல்லியம்மாள் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

*

வெற்றி என்று சொல்லிக்கொள்ளும்படி அந்த நாள் முடியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தங்கவேல் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு கவர். அம்சவல்லி அண்ணாமலையார் படத்துக்கு விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.

"படிச்சுப் பாரு," என்றான்.

அனுமதியில்லாமல் ஆராய்ச்சியில் தலையிட்டதற்காக, திங்கட்கிழமை முதல் ஒரு மாதத்துக்கு அவள் வேலைக்கு வரக்கூடாது. ஆஸ்பத்திரி மருந்து எதையும் தொடக்கூடாது. கீழே பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கையெழுத்திட ஒரு வெற்றுக் கோடு.

"உங்களையே டைப் அடிக்கச் சொன்னாரா?"

"வேற யாரு இருக்காங்க?"

"உங்க நிரந்தர வேலை ஆர்டர்?"

"அப்பால பாக்கலாம்னாரு." அவன் மூலையில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தான். "எப்போன்னு நான் கேக்கல. கேக்கத் தோணல."

அம்சவல்லி அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கோட்டின்மேல் தன் பெயரைத் திருத்தமாக எழுதினாள். காலையில் நகர மறுத்த கை இப்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"இதுல இருக்கறது உண்மைங்க," என்றாள். "அனுமதி கேக்காமத்தான் செஞ்சேன்."

தங்கவேல் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொண்டையைச் செருமினான்.

"அதை நல்லாப் படிச்சியா? மருந்தைத் தொடக்கூடாதுன்னுதான் இருக்குது. பொரியைத் தொடக்கூடாதுன்னு அவரும் சொல்லல. நானும் அடிக்கல."

அவள் முதலில் அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மருந்தை யாரு தூக்கறது?"

"நான் தூக்கறேன்," என்று வாசலில் குரல் கேட்டது. அம்மாக்கண்ணு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "ஆயாவுக்கு மெமோ குடுக்கல இல்ல? பதினோரு வூட்டு மாத்திரையும் எங்கிட்டதான் குடுத்து அனுப்பியிருக்காங்க. மெட்ராஸ் அம்மா ஜீப்பு ஏறறதுக்கு முன்னாடி எண்ணி வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு." இடுப்பிலிருந்த துணி மூட்டையைத் தட்டிக் காட்டினாள். இன்னொரு கையில் சாமை முடிச்சு இருந்தது. "இது உங்களுக்கு அண்ணி. செல்லியம்மா குடுத்துச்சு. மூணு பங்கா போட்டுக்கணுமாம்."

அம்சவல்லி முடிச்சை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பஸ் ஏத்தி வுட்டியா?"

"வுட்டேன்." அம்மாக்கண்ணு அங்கேயே நின்றாள். காலையில் இருந்த கேலி அவள் முகத்தில் இல்லை. "பஸ் வர்ற வரைக்கும் எம் பக்கத்துலதான் குந்தியிருந்துச்சு. நீ ஏன் புருசன் வூட்டுல இல்லன்னு கேட்டுச்சு. சொன்னேன். அதைக் கேட்டுட்டுத்தான் வாயைத் தொறந்துச்சு."

"ஏழாவது யாரு?" என்றாள் அம்சவல்லி.

"மூத்த பொண்ணு அண்ணி. போன தையில கட்டிக்குடுத்தாங்களாம். இருமறான்னு மாமியாக்காரி திருப்பி அனுப்பிட்டாளாம். வெளிய தெரிஞ்சா அடுத்த பொண்ணுக்கு மாப்பிள்ளை வராதுன்னு மூணு மாசமா வூட்டுக்குள்ளயே வெச்சிருக்காங்க. எட்டி வெளிய பாக்கக்கூட வுடல." அவள் இடுப்பு மூட்டையைக் கழற்றிக் கீழே வைத்தாள். "தன் பங்கையும் சேத்து அந்தப் பொண்ணுக்குத்தான் ரெண்டு பங்காம். இன்னைக்கு மெட்ராஸ் அம்மா சொன்னதுக்கு அப்பால செல்லியம்மாவுக்கு ஒரே கொழப்பம். மாத்திரை தன் நோவோட பங்குன்னா, மவ நோவுக்கு எவன் பங்கு வைப்பான்னு கேக்குது."

மூட்டையில் இருந்தது பதினோரு பேருக்கு. பன்னிரண்டாவது பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

அம்சவல்லி அலமாரியைத் திறந்தாள். பொரிப் பையை எடுத்தாள். அதற்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்த, சளி பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்புகிற சின்ன டப்பாவையும் எடுத்தாள். எடுத்துவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

தங்கவேல் மெமோவை மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படித்தான். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

"டப்பாவைப் பத்தியும் நான் ஒண்ணும் அடிக்கல," என்றான். "காலையில மலை பஸ் அஞ்சே முக்காலுக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டம் ஜாஸ்தி. மூணு பேருக்கு எடம் புடிக்கணும்னா சீக்கிரம் எழுந்துக்குங்க."